பாட்டன் எங்கே பிறந்தான்?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டமாகிய இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் நான்காம் பிரிவை ஊன்றி வாசித்தவர்கள் நம்மிற் சிலரே. சட்ட வாசகங்கள் வழக்கறிஞர்க்கே உரியவை என்று நாம் விட்டுவிட்டோம். ஆயினும் மலைநாட்டில் ஏறக்குறைய எட்டு இலட்சம் மக்களின் வாழ்வு அச்சில வரிகளிலே தங்கியிருந்தது. அச்சட்டம் வருமுன் இலங்கையிற் பிறந்த ஒருவன் வம்சாவழிப் பிரஜையாவதற்கு அவனுடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். பிரிவின் சாரம் இவ்வளவே. தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவில்லை. கொழுந்துக் கூடையைத் தலையிலே மாட்டி, பிள்ளையை வயிற்றிலே சுமந்து மலையேறியவள் பிரஜாவுரிமைக் கணக்கில் வரவேயில்லை. தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்பதே கேள்வி.

பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்ட சட்டம் பாட்டன் வாழ்ந்த விதத்தைக் கேட்கவில்லை. காட்டை வெட்டினானா, கான் வெட்டினானா, எத்தனை பிள்ளைகளை வளர்த்தான், எவ்விடத்திற் புதைக்கப்பட்டான் என்பன ஒன்றும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. அது கேளாது விட்டவற்றை நாம் இங்கே எழுத முற்படுகிறோம். எமது சொந்தப் பாட்டனாரின் வாழ்வே எமக்கு ஆதாரம். அவர் பெயரும் அவர் உழைத்த தோட்டத்தின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. ஹற்றனிலிருந்து ஹப்புத்தளை வரை எந்த லயத்திற் போய்க் கேட்டாலும் இத்தகைய ஒருவரை நினைவுகூரும் பேரன் ஒருவன் இருப்பான்.

தோட்டத் தொழிலாளரைப் பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. ஏற்றுமதிக் கணக்குகள் உண்டு. ஆணைக்குழு அறிக்கைகள் உண்டு. துரைமார் ஓய்வுபெற்றபின் எழுதிய நினைவுக் குறிப்புக்கள் உண்டு. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் பெயரைப் பாடசாலைப் பிள்ளைகள் யாவரும் அறிவர். அந்த 19 ஏக்கரை வெட்டித் திருத்தியவர்கள் பெயரென்ன என்று கேட்டால் ஆசிரியரும் விழிப்பார். முற்போக்கு எழுத்தும் இவ்விடயத்தில் முழுமையானதன்று. முட்டியுயர்த்தி நிற்கும் தொழிலாளியை அது எழுதிற்று; துரையின் சப்பாத்தடியிற் கிடப்பவனையும் எழுதிற்று. இரண்டும் உண்மையே. அவ்விரண்டுக்கும் இடையில், மாலையிலே வேலை முடிந்து வந்து, பிள்ளையை மடியில் இருத்தி, அதன் காலில் ஏறிய அட்டைக்குச் சுண்ணாம்பு தடவி எடுத்துவிடுகின்ற தகப்பனை அது அதிகம் கண்டதில்லை. 1954இல் தமது ஆங்கிலக் கவிதை நூலை வெளியிட்ட சி. வி. வேலுப்பிள்ளை போன்ற மிகச் சிலர் இதற்கு விலக்கு.

எமது பாட்டனார் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து முசிறிப் பக்கத்திற் பிறந்தவர். அவருடைய தந்தை மிராசுதாரர் ஒருவரிடம் பண்ணையாளாக இருந்தவர். தோட்டங்களுக்கு வந்தவர்களிற் பெருந்தொகையினர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதையும், அவர்களைக் கடல் தாண்டச் செய்தது கங்காணியின் இனிய பேச்சு மட்டுமன்று என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. நிலமற்றவனுக்கு ஊரென்பது ஏது? மழை பொய்த்த ஆண்டுகளிலே கங்காணி கொண்டுவந்த முற்பணம் அவன் கண்ட முதற் பணமாகவும் இருந்திருக்கலாம்.

அவர்களுக்கு முந்திய தலைமுறையினர் வந்த வழி வேறு. கோப்பிக் காலத்தில் மக்கள் தோணிகளிலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடாக மாத்தளை வரை நடந்தே வந்தனர். பேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகப் பலிகொண்டன. இறந்தவரைப் பாதையோரத்தில் விட்டு நடந்தவர்களின் பேரர்களே பின்னர்த் தேயிலைக்குக் காடழித்தவர்கள். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைகளின் நிறமே மாறிற்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. அதற்கடுத்த ஓராண்டுக்குள், ஏழெட்டு வயதுப் பையனாக, எமது பாட்டனார் தமது தந்தையின் தோளில் அமர்ந்து தலைமன்னாரில் இறங்கினார். தந்தையின் கழுத்திலே ஒரு தகரத் துண்டு தொங்கிற்று. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் இலக்கங்கள் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. பெயர் பொறிக்கப்படவில்லை. பெயரைக் கேட்கவேண்டிய அவசியம் எவருக்கும் இருக்கவில்லை. தொலைந்துபோகும் பொதியைப் போல ஆளும் தொலைந்துபோகாமல் உரிய தோட்டம் போய்ச் சேர்ந்தாற் போதும்.

வந்து சேர்ந்தபின் கடன் தொடங்கியது என்று சொல்வது தவறு. வருவதே கடனில்தான். கப்பற் கூலியும் வழிச் சோறும் கம்பளியும் பெரிய கங்காணியின் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போவதாயின் தோட்டத்துரை தரும் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைத் தீர்த்தால் இன்னாரை விடுவிப்போம் என்பது அத்துண்டின் பொருள். தகப்பன் பட்ட கடனிலே தாயும் பிள்ளைகளும் கட்டுண்டனர். தொழிலாளி சொல்லாமற் போனால் அது குற்றம். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவனை மறியலில் அடைக்கலாம். துண்டு முறை 1921இலே ஒழிக்கப்பட்டது. அப்போது எமது பாட்டனாருக்குப் பதினான்கு வயதிருக்கும். துண்டு ஒழிந்த செய்தி தமக்கு எட்டவேயில்லை என்று அவர் பிற்காலத்திற் சொல்வார். பெரிய கங்காணியின் கணக்குப் புத்தகம் ஒழியாமல் இருந்தபோது அச்செய்தி எட்டியும் பயனென்ன?

தோட்டத்துப் பேச்சிலே ஒரு சொல் உண்டு. அதனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஒரு நாள் வேலைக்குரிய கூலி செக்றோலிற் பதியப்படுவதற்குப் ‘பேர்’ என்று பெயர். காலையிலே தப்புச் சத்தம் கேட்டு எழுந்து, பிரட்டுக்களத்திலே நின்று, மலைக்குப் போய், குறித்த அளவு வேலையை முடித்தால் முழுப்பேர். முடிக்காவிட்டால் அரைப்பேர். கணக்கப்பிள்ளைக்கு மனமில்லாவிட்டால் அதுவுமில்லை. ‘இந்த மாதம் இருபத்திரண்டு பேர்’ என்று ஒருவர் சொன்னால், இருபத்திரண்டு நாட் கூலி என்பது கருத்து. இச்சொல்லை உண்டாக்கியவன் யாரோ தெரியாது. எந்த அறிஞனும் இதைவிடப் பொருத்தமாக உண்டாக்கியிருக்க முடியாது. எமது பாட்டனார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அத்தோட்டத்தின் செக்றோலிலே நாளுக்கு நாள் பேர் பெற்றார். அவர் இந்நாட்டில் இருந்தார் என்பதற்கு அதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்? அச்சான்றைத் தோட்டக் கந்தோர் வைத்திருந்தது. கையெழுத்திடத் தெரியாத பாட்டனார் வைத்திருக்கவில்லை.

அவர் கவ்வாத்துக்காரர். கவ்வாத்து என்பது செடியை வெறுமனே வெட்டுவதன்று. சில ஆண்டுகளுக்கொருமுறை தேயிலையை அரையளவிலே தறித்து, மட்டம் பிசகாமல், வெட்டுவாய் பிளக்காமல், காய்ந்த கொம்பை நீக்கி, துளிர்க்க வல்லதை விடவேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் பட்டை கிழியும். கிழிந்த இடத்தில் நோய் ஏறும். நாளொன்றுக்கு இத்தனை செடியென்று கணக்கு உண்டு. இரவிலே சாணைக்கல்லிற் கத்தி தீட்டும் ஓசை எமது சிறுபருவத்து ஓசைகளுள் ஒன்று. வெட்டிய மிலாறுகளை அவர் கட்டாகக் கட்டித் தலையிலே சுமந்து வருவார். அடுப்பு எரிந்ததும், குளிர் காலத்திலே பிள்ளைகள் காய்ந்ததும் அம்மிலாற்றினால்தான். தோட்டத்து முதலீட்டைப் பாதுகாக்கின்ற தொழிலே வீட்டுப் பிள்ளைகளின் உடம்பையும் காத்தது. பின்னதைக் கணக்கெடுத்த பொருளியல் நூலை நாம் இதுவரை கண்டதில்லை.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் இயற்றப்பட்டு 1929இல் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டிலே ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கும் ஒரு கூலி விதித்தது அச்சட்டம். எமது தகப்பனார் பிறந்த மறு ஆண்டு அது. பத்து வயதானதும் பையனைப் பிரட்டுக்குக் கூட்டிவரும்படி கணக்கப்பிள்ளை சொல்ல, பாட்டனார் முதன்முறையாக ‘முடியாதுங்க’ என்றாராம். பையன் தோட்டத்துப் பாடசாலையிற் படிக்கிறான் என்றாராம். பாடசாலை என்பது கொழுந்து மடுவத்தை ஒட்டிய ஒரு கொட்டகை. ஐந்து வகுப்புக்கும் ஓராசிரியர். அங்கே என்ன படிப்பு நடந்தது என்று நாம் சொல்லத் தேவையில்லை. 1945இலே இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டத்துப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேதான் நின்றன. அவை அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தது 1970களிலேதான். இருந்தும் அக்கொட்டகைக்காக அவர் மாதந்தோறும் ஒரு பிள்ளைக் கூலியை இழந்தார். உலக மந்தத்தினால் 1930களின் தொடக்கத்திற் கூலி குறைக்கப்பட்டு, பல்லாயிரவர் ஊருக்கு அனுப்பப்பட்டு, கடன் மீண்டும் ஏறிப்போன குடும்பம் அது. அந்த 32 சதத்தின் பாரத்தை அக்கணக்கிலே வைத்து நோக்கவேண்டும்.

லயக் காம்பரா பத்தடி நீளம், பன்னிரண்டடி அகலம். அதிலே பாட்டனும் பாட்டியும், இரண்டு ஆண்மக்களும் ஒரு மகளும், பின்னர் மருமகளும், அதன் பின்னர் பேரப்பிள்ளைகளாகிய நாமும் வாழ்ந்தோம். மகன் மணமுடித்ததும் பாட்டனார் தம் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் இஸ்தோப்புக்குப் போய்விட்டார். நுவரெலியாப் பக்கத்து மார்கழிப் பனியிலே, சாக்கைத் தொங்கவிட்டு, அதன் பின்னே முப்பது ஆண்டுகள் உறங்கினார். இதனைத் தியாகம் என்ற பெரிய சொல்லால் நாம் குறிக்கப்போவதில்லை. அச்சொல்லை அவர் அறியார்; லயத்தின் எல்லா இஸ்தோப்புகளிலும் ஒரு பாட்டன் அவ்வாறே உறங்கினான். அந்த இஸ்தோப்பிலேதான் நாம் பொன்னர் சங்கர் கதையைக் கேட்டோம். மாசியிலே காமன் கூத்துக்குத் தப்படிப்பவரும் அவரே. காலை ரொட்டியிலே பாதியைத் துணியில் முடிந்து மலைக்குக் கொண்டுபோய், மாலையிலே ‘முயல் கொடுத்தது’ என்று எம்மிடம் நீட்டுவார். முயல் ரொட்டி சுடுமா என்று நாம் கேட்டதில்லை. கேட்கும் வயது வந்தபோது எமக்குத் தருவதை நிறுத்திவிட்டுத் தம்பிக்குக் கொடுத்தார்.

இத்தகைய மனிதர் தொழிற்சங்கத்துக்கு எவ்வாறு வந்தார்? குடும்பப் பாசம் தொழிலாளியைக் கோழையாக்கும் என்பது துரைமாரின் நம்பிக்கை. நம்மவரிற் சிலரும் அதையே வேறு சொற்களிற் சொல்வதுண்டு. எமது பாட்டனாரின் வாழ்வு இதற்கு எதிரான சாட்சி. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர்க்குச் சங்கம் அமைத்தார். அவரும் மீனாட்சியம்மாளும் அச்சிட்ட சிறு பிரசுரங்களும் பாட்டுக்களும் தோட்டங்களுக்குள் நுழைந்தன. வெளியார் தோட்டத்துள் வந்தால் அத்துமீறல் வழக்கு. ஆகவே புடைவை வியாபாரியாகவும் உள்ளே போகவேண்டியிருந்தது. 1939இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாயிற்று. 1940 ஜனவரி 10ஆந் திகதி முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அவ்வாண்டு மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவின.

எமது பாட்டனாரின் தோட்டத்தில் வேலைநிறுத்தம் பதினொரு நாள் நடந்தது. நிருவாகம் முதலிற் செய்த காரியம் அரிசியை நிறுத்தியதுதான். கூலியிற் கழித்துக்கொண்டு கொடுத்த அரிசி அது. மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது. மரவள்ளிக் கிழங்கும் கீரையும் முடிந்தபின் பாட்டி தம் காதணியைக் கடையிலே அடகுவைத்தார். ஏன் நின்றீர்கள் தாத்தா என்று பின்னாளிற் கேட்டோம். முல்லோயாவைப் பற்றியோ சங்கத்தைப் பற்றியோ அவர் சொல்லவில்லை. வேலைக்குப் போகாத பையனைப் பிரட்டுக்கு அனுப்பாவிட்டாற் காம்பராவைக் காலிசெய் என்று கண்டக்டர் சொல்லியிருந்தாராம். அதற்கும் சங்கத்தில் ஒரு வழி இருக்கிறதென்று யாரோ சொன்னார்களாம். பிள்ளையின் படிப்பிலிருந்து சங்கத்துக்குப் போன பாதை அது. கூலி உயர்வுக் கோரிக்கைகளை மட்டும் பட்டியலிடும் தொழிற்சங்க வரலாறு இப்பாதையைக் காணாது.

அப்பாதையின் முடிவிலே 1948 நின்றது. 1947 பொதுத் தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகள் பலவற்றிலே தொழிலாளரின் வாக்குகள் அவர்தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பின. வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் அவ்வாக்குகள் பயன்பட்டன. டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொணர்ந்தது. 1949இல் தேர்தற் சட்டத்தைத் திருத்தி வாக்குரிமையை அகற்றியது. 1952 தேர்தலில் மலைநாட்டு மக்களின் சார்பிலே ஒருவரும் தெரிவாகவில்லை. காரியமும் காரணமும் இவ்வளவு தெளிவாக அடுத்தடுத்து நிற்கும் இடம் நமது வரலாற்றில் அரிது. வர்க்கத்தைக் கண்டு அஞ்சியவர்கள் இனத்தின் பெயரால் அதனை வெட்டினார்கள். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமாகிய இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், விண்ணப்பித்துப் பெறலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்தது. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழாண்டுகள் இடைவிடாது இங்கு வாழ்ந்திருக்கவேண்டும், மணமாகாதவர் பத்தாண்டுகள். மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் இங்கேயே இருந்தமைக்குச் சான்று வேண்டும். 1951 ஆகஸ்டுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பத்தாண்டுகளுக்கு மேலாக விசாரித்து, ஏறக்குறைய 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை வழங்கப்பட்டது.

பாட்டனாரும் விண்ணப்பித்தார். விசாரணை நாளிலே தம்மிடமிருந்த காகிதங்கள் அனைத்தையும் றங்குப் பெட்டியோடு கொண்டுபோனார். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு எல்லாக் காகிதமும் ஒன்றே. அரசாங்க முத்திரை உள்ளது யாவும் நல்லதே. தந்தையின் தகரத் துண்டு இருந்தது. அதிற் பெயர் இல்லை; ஆகவே அது எவருடையதென்று கூறமுடியாது என்றார்கள். செக்றோலைக் கேட்டார்கள். பழைய செக்றோல்கள் கைவசமில்லை என்று தோட்டத்திலிருந்து பதில் வந்திருந்தது. பெட்டியின் அடியில் ஒரு கட்டு இருந்தது. முசிறிப் பக்கத்து ஊரிலே விதவையாய்த் தங்கிவிட்ட தம் தமக்கைக்கு அவர் ஆண்டுக்கு இருமுறை அனுப்பிய மணியோடர்களின் பற்றுச்சீட்டுக்கள் அவை. தாம் ஒழுங்கான குடும்பஸ்தன் என்பதற்கு அவையே சிறந்த சான்று என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். விசாரித்த உத்தியோகத்தர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். இவருடைய மனம் இந்தியாவிலிருக்கிறது, இங்கு நிலையாகக் குடியிருக்கும் எண்ணமில்லை என்பது முடிவாயிற்று. மாதம் முப்பது ரூபாய் உழைத்தவன் மிச்சம் பிடித்து அனுப்பிய ஐந்து ரூபா அவனுக்கெதிராகச் சாட்சி சொல்லிற்று. இலண்டனுக்கு இலாபம் அனுப்பிய கொம்பனிகளின் மனம் எங்கிருந்தது என்று எவரும் விசாரிக்கவில்லை.

சட்டத்தின் நுட்பம் எமது வீட்டுக்குள்ளே இன்னொரு விளையாட்டும் ஆடிற்று. எமது தகப்பனார் தோட்டத்திற் பிறந்தவர். ஆனால் அவருடைய தந்தை முசிறியிற் பிறந்தவராதலால் தகப்பனார் பிரஜையல்லர். எமது தமையனார் பிறந்தது 1947இல். தந்தை இலங்கையிற் பிறந்தவராதலால் நான்காம் பிரிவின்படி அவர் வம்சாவழிப் பிரஜை. நாம் பிறந்தது 1950இல். 1948 நவம்பருக்குப் பின் பிறந்த பிள்ளைக்குத் தந்தை பிரஜையாக இருத்தல் வேண்டும் என்பது ஐந்தாம் பிரிவு. ஆகவே நாம் நாடற்றவர். ஒரு காம்பரா, ஒரு தாய், ஒரு தகப்பன். மூத்தவன் பிரஜை, இளையவன் அந்நியன். மூத்தவனின் உரிமையும் ஏட்டளவிலேதான். தகப்பனாரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அவர் பெயர் ஒருவிதமாகவும், மணப்பதிவில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. ஒரு தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பது அதை எழுதிய குமாஸ்தாவின் விருப்பம். இருவரும் ஒருவரே என்று நிறுவுவதற்காகத் தமையனார் கந்தோர் கந்தோராக ஏறியிறங்கியதிலே அவர் இளமை கழிந்தது.

இச்சட்டங்களை எதிர்த்து இடதுசாரிகள் பாராளுமன்றத்திலே வாக்களித்ததை நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். ஆனால் வரலாறு 1948உடன் நின்றுவிடவில்லை. 1964 அக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றனர். அப்‘பிறகு’ 1974இலே, ஆளுக்குப் பாதியாக, 75,000 பேர் வீதம் பங்கிடப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தானபோது லங்கா சமசமாஜக் கட்சி அதே அரசாங்கத்தில் அமைச்சுப் பதவி வகித்தது. 1948இலே அம்மக்களுக்காகப் பேசியவர்கள் 1964இலே அவர்களைத் தலைக்கணக்கிற் பங்கிட்ட மேசைக்கு அண்மையிலே இருந்தார்கள். இதனை மாற்றார் சொல்லி நாம் கேட்பதிலும் பார்க்க நாமே சொல்லிக்கொள்வது மேல். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்டதில்லை.

எமது சிற்றப்பா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். எழுபதுகளின் தொடக்கத்திலே தோட்டங்களிற் பசி வந்தது. அரிசியும் மாவும் அருகின. மக்கள் பட்டினியால் இறந்தனர். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்வார்? எமது தகப்பனார் இலங்கைக்கு எழுதிக்கொடுத்தார். ஆகவே பாட்டனார் இரண்டு மக்களில் ஒருவரைத் தெரிந்துகொள்ளவேண்டியவரானார். 1973இலே சிற்றப்பா குடும்பம் புறப்பட்டது. தலைமன்னாருக்குப் போகும் அந்த இரவுப் புகையிரதத்தை மலைநாட்டிலே ‘ஒப்பாரிக் கோச்சி’ என்பார்கள். பெயரை விளக்கவேண்டியதில்லை. ஹற்றன் ஸ்ரேசனிலே பாட்டனார் அழவில்லை. சிற்றப்பாவின் மூத்த பையனிடம் தம் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார். அங்கும் தேயிலை இருக்கிறதாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது மெய்தான்: திரும்பிச் சென்றோருக்கென நீலகிரியிலே, கூடலூர்ப் பக்கத்திலே, தமிழ்நாட்டு அரசு 1968 முதல் தேயிலைத் தோட்டங்களை அமைத்துவந்தது. முப்பாட்டன் தகரத் துண்டோடு கடந்த கடலை அக்கத்தி எதிர்த்திசையிலே ‘ராமானுஜம்’ கப்பலில் ஏறிக் கடந்தது. தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலிலே அழிந்துபோயிருந்தது; கப்பல் இராமேசுவரத்துக்குப் போயிற்று. அக்கப்பற் சேவையும் 1984இலே நின்றது.

ஐந்து பேரப்பிள்ளைகளுக்குச் சுட்ட ரொட்டியைப் பாட்டனார் அதன் பின்னும் ஐந்தாகவே பிய்த்தார் என்று சொன்னால் அது கதைபோலத் தோன்றும். அவ்வாறு அவர் செய்யவில்லை. அவர் செய்தது இதுதான்: மாதந்தோறும் எம்மைக் கொண்டு சிற்றப்பாவுக்குக் கடிதம் எழுதுவித்தார். எழுதும் விடயம் எப்போதும் ஒன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. கூலிக்குப் பிள்ளை வேண்டுமென்று அங்கும் கேட்பார்கள். முடியாது என்று சொல்லு. இங்கே சொன்னபடி அங்கேயும் சொல்லு.

1976இலே அவர் காலமானார். 54 சதத்திலிருந்து அவர் உழைத்த தோட்டம் முந்திய ஆண்டுதான் அரசுடைமையாகியிருந்தது. அவரோ எந்நாட்டுக்கும் உடைமையாகாமல் இறந்தார். நாடற்றவர் பிரச்சினைக்கு 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்தன. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தினால் எமக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, ஒரு சத்தியக் கடதாசியின் பேரில். அப்போது எமக்கு 38 வயது. 2003இலும் ஒரு சட்டம் வந்தது. 2023இலே, முதற் கூட்டத்தினர் வந்து இருநூறு ஆண்டாயிற்று என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். இளைஞர் பலர் அதிலே தம் முப்பாட்டன்மார் நடந்த வழியை முதன்முறையாகக் கண்டனர். லயக் காம்பராக்களிலே இன்றும் பெருந்தொகையானோர் வாழ்கின்றனர். அவர்கள் நிற்கும் நிலத்துக்கு உறுதி இல்லை.

பாட்டனாரை ஐந்தாம் நம்பர் மலைக்குக் கீழே, ஆற்றோரத்திலே புதைத்தோம். மரணத்தைப் பதியத் தகப்பனாரோடு நாமும் சென்றோம். இனம் என்ற இடத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவாளர் எழுதினார். தொழில் என்ற இடத்தில் ‘தொழிலாளி’ என்று எழுதினார். இறந்தவரின் தந்தையின் முழுப்பெயர் என்ன என்று கேட்டார். தகப்பனார் சிறிது யோசித்துச் சொன்னார். பதிவாளர் அதை இரண்டு முறை கேட்டு, எழுத்துக் கூட்டி, மெல்ல எழுதினார். முப்பாட்டன் இந்நாட்டில் இறங்கி அறுபது ஆண்டுகளின் பின் அவர் பெயர் இந்நாட்டு ஏடொன்றில் எழுதப்பட்டது அன்றுதான். அப்பத்திரத்தின் பிரதியைத் தகரத் துண்டோடு சேர்த்து றங்குப் பெட்டியிலே வைத்திருக்கிறோம்.